வாய் இல்லாமல் வந்த வார்த்தை

மொரிபா த்ராவோரே தம் வாழ்நாளில் குரலை உயர்த்திப் பேசியதில்லை. உயர்த்த வேண்டிய அவசியம் வந்ததில்லை என்று சொல்வதே சரி. அவர் வீட்டைப் போன்ற பழைய வீடுகளில் தலைவன் என்பவன் உதட்டோரமாகத்தான் பேசுவான். அதை அவன் வீட்டுப் பாணர் காதில் வாங்கி, வேண்டிய அழகைச் சேர்த்து, சபையின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி எடுத்துச் சொல்வார். பாணர் வாயிலிருந்து வெளிவரும்வரை அது சொல்லப்பட்ட வார்த்தையே அல்ல. பமாக்கோவின் பச்சை வேன்களில் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிடுகிறவர்கள் கத்தலாம். சந்தையில் மீன் விற்கிறவர்கள் கத்தலாம். த்ராவோரே கத்துவதில்லை.

அவர் வீட்டுத் தலைவரான நாளிலிருந்து அவருக்கு வாயாக இருந்தவள் சித்தான் ஜபாத்தே. தலைமுறை தலைமுறையாக ஜபாத்தேக்கள் த்ராவோரேக்களின் பாணர்கள். ஆண்களுக்குரிய அந்த இடத்தில் ஒரு பெண் நிற்பதைப் பற்றி ஊர் முதலில் முணுமுணுத்தது. அவள் வாயைத் திறந்ததும் ஊர் வாயை மூடிக்கொண்டது.

அந்தச் சித்தான்தான் இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக்கின் முன்னால், காதில் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் ஃபுசேனியும் ஹெட்ஃபோன் மாட்டி, பக்கத்தில் தரையில் அமர்ந்து பாலஃபோன் வாத்தியத்தின் மரச்சட்டங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கொரோஃபினா ஒலிப்பதிவுக் கூடத்தின் குளிர்ந்த சிற்றறையில், கஞ்சி போட்டு அடித்துப் பளபளப்பேற்றிய நீல அங்கி மடிப்புக் கலையாமல் மொரிபா வீற்றிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குக் கல்யாணம். பாரிஸிலும் லிப்ரவீலிலும் இருக்கிற பிள்ளைகள் வம்சப் பாட்டு பதிவாக வேண்டும், எங்கிருந்தாலும் கேட்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பாரிஸிலிருக்கும் தம்பி மகன் சுமைலா ஒரு படி மேலே போய், "சித்தான் அத்தைக்கு வயசாயிடுச்சு பெரியப்பா, ஹம்தல்லாயேல ஒரு பொண்ணு இருக்கா, பாடினா ஏழு தெருவுக்குக் கேக்கும்" என்று செய்தி மேல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். மொரிபா பதில் சொல்லவில்லை. முன்னோர் பெயர் ஒன்றுகூட நசுங்காமல் பதிவாக வேண்டும் என்பதற்காகத் தாமே காவலுக்கு வந்துவிட்டார்.

மிக்ஸர் மேசையின் முன்னால் இருந்தவள் தெனிம்பா கோனே. மேசை முழுக்கப் பொத்தான்களும் விளக்குகளும், நடுவில் ஒரு திரை. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

"என்ன பயறுதின்னி, நாற்காலி வசதியா இருக்கா? இல்ல, பயத்தம்மூட்டை ஒண்ணு கொண்டாந்து போடவா? பழகின இடமா இருக்கும்."

"கோனே வீட்டுப் பொண்ணு நாற்காலியில உக்காந்து இன்னிக்குத்தான் பாக்குறேன். எங்க வீட்டுல உங்க ஆளுங்க பானை கழுவுற இடத்துலதான் உக்காருவாங்க."

"கழுவினது நாங்கதான் தாத்தா. அதனாலதான் தெரியும், பானை பூரா பயறு."

கோனே குலமும் த்ராவோரே குலமும் கேலிமுறை. அந்தக் கேலிக்கு முன்னால் மாமன் மச்சான் கேலியெல்லாம் பால்சோறு. எதைச் சொன்னாலும் எதிராளி கோபப்படக் கூடாது. ஆனால் கேலியை நிறுத்திவிட்டு ஒருவர் மனமாரக் கேட்டால், மற்றவர் மறுக்கவும் கூடாது. மொரிபாவை இப்படிப் பேசிவிட்டு நிமிர்ந்து நடக்க ஒரு கோனேயால்தான் முடியும். உள்ளூர அவருக்கு அது வெயிலில் குடித்த தினைக்கூழ் போல இதமாகத்தான் இருந்தது. முகத்தில் காட்டவில்லை.

முதல்முறை பாடி முடித்ததும் அவர் சொன்னார். "மரச்சத்தம் பேரையெல்லாம் மூடுது. எனக்குப் பேர் மட்டும் கேக்கணும்."

"அதுக்கென்ன, சோலோ போட்டாப் போச்சு." தெனிம்பா சித்தானின் குரலுக்கான வரிசையில் ஒரு பொத்தானைத் தொட்டாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. "இனிமே இந்த ஸ்பீக்கர்ல அவங்க மைக்கு மட்டும்தான். இது நமக்கு மட்டும் தாத்தா. உள்ள இருக்கிறவங்களுக்கு எல்லாம் வழக்கம் போலத்தான் கேக்கும்."

பாலஃபோன் மறைந்தது. சித்தானின் குரல் தனியாக வந்து அறை நடுவில் நின்றது.

மொரிபா அந்தக் குரலை அப்படிக் கேட்டதே இல்லை. அவர் கேட்டதெல்லாம் பந்தலில், கைதட்டலுக்கும் குலவைக்கும் நடுவில். இங்கே நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிவது கேட்டது. மூச்சு இழுப்பது கேட்டது. மூன்று பெயர்கள் கம்பீரமாக வந்தன. நான்காவது பெயர், மொரிபாவின் பாட்டனார் பெயர், பாதியில் தேய்ந்து, மிச்சம் வெறும் காற்றாகப் போயிற்று. மறுமுறையும் அதே இடம். அதே காற்று.

அவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். பெயர் தேய்ந்தால் வீடு தேய்ந்தது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். உலகமே கேட்கும்.

தெனிம்பா மேசையின் ஓரத்தில் இன்னொரு பொத்தானைத் தட்டினாள். அதில் சிவப்பு விளக்கு. "அத்தை, மைக்கு கொஞ்சம் தள்ளி இருக்கு, நான் உள்ள வந்து சரி பண்றேன், அப்படியே இருங்க" என்று சாதாரணமாகப் பேசினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சித்தான் தலையசைத்தாள். அதே நேரத்தில் ஸ்பீக்கர்களின் சத்தம் தானாகத் தணிந்ததை மொரிபா கவனித்தார்.

தெனிம்பா எழுந்தாள். "இதை எரிய விட்டுட்டுப் போறேன் தாத்தா. ஏதாவது சொல்லணும்னா இங்கேருந்தே சொல்லுங்க, அவங்க காதுல கேக்கும்."

'சொல்வது' என்றால் என்ன என்பது மொரிபாவுக்குத் தெரியும். அது பாணர் செய்கிற காரியம். சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. தெனிம்பா போனதும் அங்கியின் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். வாய்க்கருகே பிடித்து, எப்போதும் பேசுகிற அதே தாழ்ந்த குரலில், சுமைலாவுக்குச் செய்தி பதிந்தார்.

"சுமைலா. நீ சொன்னது சரிதான் போலிருக்கு. சித்தானுக்கு மூச்சு நிக்கல. என் பாட்டனார் பேரைப் பாதியில முழுங்குறா. குரல்ல ஓட்டை விழுந்துடுச்சு. அந்த ஹம்தல்லாயேப் பொண்ணைக் கூப்பிடு. இவ மனசு நோகாம நான் ஏதாவது சொல்லிக்கிறேன்."

அவர் பேசியபோது ஸ்பீக்கர்கள் தணிந்தே இருந்தன. மரியாதை தெரிந்த பெட்டிகள் என்று நினைத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் அவர் வாயெடுத்தால் எல்லோரும் அப்படித்தான் அடங்குவார்கள்.

செய்தி பறந்தது. தொலைபேசியைப் பையில் வைத்து நிமிர்ந்தபோது, கண்ணாடிக்குள் தெனிம்பா மண்டியிட்டு மைக் தாங்கியின் திருகோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். அவள் காதில் ஹெட்ஃபோன் இல்லை. ஃபுசேனி பாதி எழுந்த நிலையில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோலோ இன்னும் எரிந்துகொண்டிருந்ததால், தணிந்த ஸ்பீக்கர்களிலிருந்து அந்தப் பேச்சு எறும்பு ஊர்வது போல மெல்ல வந்தது.

"அம்மா..."

"உக்காருடா. நீ ஒண்ணும் கேக்கல."

"என் காதுலயே விழுந்துச்சும்மா. குரல்ல ஓட்டைன்னு..."

"வாய் இல்லாம வந்த வார்த்தை வார்த்தையே இல்ல. த்ராவோரே இன்னும் பேசல. பேசியிருந்தா நான்தானே எடுத்துச் சொல்லியிருப்பேன்?"

சித்தான் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். வீசவில்லை. வயரை ஒழுங்காகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தலைத்துணியைச் சரிசெய்தாள். பிறகு தெனிம்பாவைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு, "கொஞ்சம் தண்ணி கொடு மகளே. தொண்டை இன்னிக்குப் போதும்னு சொல்லுது" என்றாள்.

தாம் முணுமுணுத்தது அவர்கள் காதுக்குப் போய்விட்டது என்று மொரிபாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் அடித்தார், அந்த அடித்த கையை அவள் துணியால் மூடி மறைக்கிறாள். தலைவனின் தவறான சொல்லைச் சபைக்கு வராமல் தடுப்பதும் பாணர் வேலைதான். இத்தனை காலமும் மற்றவர்களிடமிருந்து அவரைக் காப்பாற்ற அவள் செய்த வேலை. இப்போது தன்னிடமிருந்தே தன் தலைவரைக் காப்பாற்றுகிறாள்.

தெனிம்பா திரும்பி வந்தாள். சிவப்பு விளக்கைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தாத்தா, இங்க என்ன பேசினீங்க?"

"பேசல. முணுமுணுத்தேன்."

"யா அல்லா! இந்த மேசை மைக்கு முணுமுணுப்பு கேக்குறதுக்குன்னே செஞ்சது!" அவள் சிவப்பு விளக்கு எரிந்த டாக்பேக் பொத்தானை அணைத்தாள். ஸ்பீக்கர்கள் பழைய சத்தத்துக்கு உயர்ந்தன. "சத்தம் தணிஞ்சுச்சே, ஏன்னு யோசிக்கலையா? இங்கேருந்து உள்ள பேசுற டாக்பேக் போட்டா ஸ்பீக்கர் தானா தணியும். இல்லேன்னா உங்க குரலே சுத்திச் சுத்தி வந்து ஊளையிடும்."

"நான் பேசறப்போ யாரா இருந்தாலும் தணிஞ்சுதான் போவாங்க."

அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்குள் மடியில் வயரோடு உட்கார்ந்திருந்த சித்தானைப் பார்த்ததும் அது வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"நான் வார்த்தை தரேன். நீ எடுத்துச் சொல்லு" என்றார் மொரிபா.

"கோனே வாயில த்ராவோரே வார்த்தையா? உருப்படுமா?"

"சொல்லு. இந்த வீட்டுக்கு அவ குரல்தான் வேணும்னு சொல்லு."

தெனிம்பா கையசைத்து, காதைத் தொட்டுக் காட்டினாள். உள்ளே சித்தான் ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிக் காதோரம் வைத்துக்கொண்டாள். தெனிம்பா பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"அத்தை, இங்க ஒரு பயறுதின்னிக் கிழவர் இருக்காரு. வாயில பயறு அடைச்சிருக்கிறதால என்னைச் சொல்லச் சொல்றாரு. வீட்டுக்கு உங்க குரல்தான் வேணுமாம்."

சித்தான் கேலிக்குச் சிரித்தாள். பிறகு முறையோடு, எழுந்து நின்று பதில் சொன்னாள். "கேட்டுக்கிட்டேன். த்ராவோரேகிட்ட சொல்லு மகளே. அவர் ஒண்ணுக்கும் கவலைப்பட வேணாம். அந்த ஹம்தல்லாயேப் பொண்ணை எங்கிட்ட அனுப்பச் சொல்லு. பேரெல்லாம் வரிசையா நானே சொல்லிக் கொடுத்துடறேன். ஒரு பேரும் குறையாது. த்ராவோரே வீட்டுக்கு ஒரு குறையும் வரக் கூடாது."

கேட்க வந்த மானம் முழுசாக, ஒரு கீறல் இல்லாமல், தட்டில் வைத்து நீட்டப்பட்டுவிட்டது. பெயர்கள் பத்திரம். குரல் புதிது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. மொரிபா அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். போனால் இனி அவருக்கு வாய் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு ஏழு தெரு எட்டும் குரல் இருக்கலாம். அவர் உதடு அசைவதற்கு முன்பே அவர் மனசு தெரிந்தவள் ஒருத்திதான்.

இதை அவளிடம் யார் போய்ச் சொல்வது? எதையும் அவளிடம் சொல்லித்தான் அவர் உலகத்துக்குச் சொல்வார். அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை.

தெனிம்பா நாற்காலியைத் திருப்பினாள். இப்போது அவள் முகத்தில் கேலி இல்லை.

"மொரிபா த்ராவோரே, கோனேயா கேக்குறேன். நீங்களே பேசுங்க."

மறுக்க முறை இல்லை. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் அங்கியின் அகன்ற கையைத் தோளில் மடித்துப் போட்டார். கட்டைவிரலைப் பொத்தானில் வைத்தார்.

"அழுத்திப் பிடிச்சுக்கோங்க. விட்டா போச்சு" என்றாள் அவள்.

சிவப்பு எரிந்தது. ஸ்பீக்கர்கள் தணிந்தன. இந்தமுறை அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

"சித்தான்."

உள்ளே அவள் தலை நிமிர்ந்தது. அவர் அவளை எப்போதும் குலப்பெயரால்தான் அழைப்பார்.

"எங்கப்பாவோட நாப்பதாம் நாள் ஞாபகம் இருக்கா? உங்கப்பா காய்ச்சல்ல கிடந்தாரு. வேற யாரும் இல்லாம நீ வந்து எம்பக்கத்துல நின்ன. ஊரே உக்காந்திருந்துச்சு. அன்னிக்கு நான் உன் காதுல என்ன சொன்னேன்?"

சித்தான் மைக்கை நோக்கிச் சற்றுச் சாய்ந்தாள். "த்ராவோரே சொன்னதைத்தான் சபைக்குச் சொன்னேன்."

"பொய். நான் ஒண்ணுமே சொல்லல. நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. உதட்டை மட்டும் அசைச்சேன்."

தெனிம்பாவின் கை தானாக வாயைப் பொத்தியது. ஒரு கோனேயின் காதில் இதைப் போடுவதற்குப் பதில், நடுச்சந்தையில் முரசு அறைந்துவிடலாம். மொரிபாவுக்கு அது தெரியாமலில்லை. கட்டைவிரலை எடுக்கவில்லை.

"நீதான் பேசின. முழுசா, உன் மனசுலேருந்து. தலைவன்னா இப்படித்தான் பேசணும்னு ஊர் இன்னும் அந்தப் பேச்சைச் சொல்லிக்கிட்டிருக்கு. மொரிபா த்ராவோரே பேச்சுன்னு சொல்லுது. நானும் சும்மா தலையாட்டிக்கிட்டிருந்தேன். மூச்சு இல்லாம நின்னவன் நான். இன்னிக்கு உன் மூச்சை அளக்க வந்து உக்காந்திருக்கேன்."

அவர் கட்டைவிரலை இன்னும் அழுத்தினார்.

"பாணருக்கு யாரும் பாட்டுக் கட்டுறதில்ல. எனக்குப் பாட வராது. பேர் மட்டும் சொல்றேன். சித்தான் ஜபாத்தே. அவ அப்பா புரேமா ஜபாத்தே."

"நாமு" என்றான் ஃபுசேனி. பாட்டில் வரிக்கு வரி அப்படி உம் கொட்டியே வளர்ந்தவன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது.

"அவரோட அப்பா காலிஃபா ஜபாத்தே."

"நாமு."

"காலிஃபாவோட பொண்டாட்டி, புரேமாவைப் பெத்த மகராசி, நியெலெனி..."

"அய்யய்யோ!" சித்தான் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் மாட்டினாள். "நியெலெனி எங்க பாட்டி இல்ல த்ராவோரே, பாட்டியோட சக்களத்தி! அவ பேரை எடுத்தாலே எங்க வீட்டுல சட்டி உடையும்!"

தெனிம்பா மேசை மேல் கவிழ்ந்துவிட்டாள். ஃபுசேனி பாலஃபோனில் ஒரு சட்டத்தை டொக்கென்று தட்டினான்.

"பாட்டி பேரு மசரான்" என்றாள் சித்தான். "போதும் விடுங்க. பேர் சொல்றது உங்க வேலை இல்ல. நாலு பேருக்குள்ள சக்களத்தியைக் கொண்டாந்துட்டீங்க, நாப்பது பேர் சொன்னா குடும்பமே கலைஞ்சு போகும்." கண்ணோரத்தைத் தலைத்துணியின் நுனியால் ஒற்றிக்கொண்டாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "மூச்சு விஷயம் நிஜந்தான். பாட்டனார் பேருகிட்ட எனக்கு நிக்காதுன்னு எனக்கே தெரியும். அங்க நீ முன்னால வா. நான் உன் மேல சாஞ்சுக்கிறேன்."

மொரிபா கட்டைவிரலை எடுத்தார். அது வலித்தது.

தெனிம்பா கண்களைத் துடைத்துக்கொண்டு மஞ்சள் விளக்கை அணைத்தாள். "இனிமே ஒத்தையா கேக்க வேணாம் தாத்தா. ஒத்தையா கேட்டா யார் குரலும் ஓட்டைதான். அங்கியைக் கழட்டி நிறுத்தினா யாரு த்ராவோரே, யாரு கோனே?"

"அங்கியைக் கழட்டினாலும் கோனே கையில பானைக்கரி இருக்கும்."

"உதட்டை மட்டும் அசைச்சாராம்! என் பேரப்பிள்ளைங்க கல்யாணத்துலகூட இதைச் சொல்லுவோம்."

"சொல்லு. பானை கழுவுற நேரத்துல பொழுது போகணுமில்ல."

அவள் பதிவை ஓட்டுவதற்கு முன் அவர் கை காட்டி நிறுத்தினார். தொலைபேசியை எடுத்தார். சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுப் பேசினார். "சுமைலா. முன்னாடி அனுப்பினது பேச்சு இல்ல. இதுதான் பேச்சு. எந்தப் பொண்ணையும் கூப்பிடாத."

பாட்டு தொடங்கியது. இப்போது எல்லாம் சேர்ந்து வந்தது. மூன்று பெயர்கள் கம்பீரமாக நடந்தன. நான்காவது பெயர் பாதியில் தாழ்ந்தபோது, பாலஃபோன் கீழிருந்து எழுந்து வந்து, வயதான தாயை மகன் படியேற்றுவது போல அதைத் தாங்கி மேலே விட்டது. ஓட்டை இருந்த இடத்தை மொரிபா தேடினார். கிடைக்கவில்லை. பாட்டனார் நிஜமாகவே படியேறி வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

கடைசி வரி அடங்கியதும் அவர் பழக்கத்தில் தெனிம்பாவின் காதருகே குனிந்தார். "நல்லா இருந்துச்சுன்னு சொல்லு."

அவள் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

மொரிபா த்ராவோரே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினார். இத்தனை தூரம், இத்தனை கண்ணாடி, போய்ச் சேர வேண்டுமே என்ற கவலையில், எழுபது வருஷமாக உள்ளே வைத்திருந்த குரலை மொத்தமாக எடுத்து விட்டார்.

"நல்லா இருந்துச்சு ஜபாத்தே!"

உள்ளே ஃபுசேனி துள்ளி விழுந்தான். சித்தான் ஹெட்ஃபோனைக் காதிலிருந்து பிடுங்கி ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியே அவரைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"காது கிழியுது த்ராவோரே! மெதுவா!"